ரிப்போர்ட்டைப் படிப்பது யார்?

பல்லாவரத்தில் பேருந்து ஏறி, ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், டீக்கடைகளுக்குப் போட்டியாக ரத்தப் பரிசோதனை நிலையங்களின் பலகைகள் கண்ணில் படும். மாஸ்டர் செக்கப், எக்சிகியூட்டிவ் செக்கப், ஃபுல் பாடி செக்கப், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதி, பண்டிகைத் தள்ளுபடி. விலை ஏற ஏறப் பட்டியல் நீளும். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் 'டியூமர் மார்க்கர்' என்று ஒரு வரி கூடும். அந்த வரியில் அநேகமாக ஏ.எஃப்.பி. என்ற மூன்றெழுத்து இருக்கும். ஈரல் புற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பார்கள்.

பரிசோதனை வீண் இல்லை. அது போய்ச் சேரும் ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் வேலைக்குப் போகும் முப்பது வயதுக்காரர் கம்பெனி செலவில் ஏ.எஃப்.பி. பார்த்துக்கொள்கிறார். உண்மையிலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டியவர், தனக்கு அது வேண்டும் என்றே அறியாமல் சேலையூரிலோ முடிச்சூரிலோ இருக்கிறார். இத்தனைக்கும் அவருடைய ரத்தம் எப்போதோ எச்சரித்துவிட்டது. அந்த எச்சரிக்கை அச்சான காகிதம் பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது.

ஏ.எஃப்.பி. என்பது ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன். கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம். பிறந்து ஓராண்டுக்குள் அது கிட்டத்தட்ட அடங்கிவிடும். பெரியவர்களின் ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே இருக்கும். 1963-இல் மாஸ்கோவில் காரி அபெலெவ், ஈரலில் கட்டி வந்த எலிகளின் ரத்தத்தில் இந்தக் கருப் புரதம் மறுபடி தலைகாட்டுவதைக் கண்டார். அடுத்த ஆண்டே அஸ்திரகானில் யூரி தத்தாரினோவ் மனித நோயாளிகளிடமும் அதைப் பார்த்தார். புற்றாக மாறிய ஈரல் செல், தன் வயதை மறந்து கருவில் செய்த வேலையைத் திரும்பச் செய்யத் தொடங்குகிறது. புற்றுநோயை ரத்தத்தில் தேடலாம் என்ற நம்பிக்கைக்கு வலுவான அடித்தளம் இட்ட கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. அறுபது ஆண்டுகள் கழித்தும் ஈரல் மருத்துவர்கள் இதை விடவில்லை.

ஆனால் அதன் குணத்தை அவர்கள் அறிவார்கள். ஈரல் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புரதம் ஏறுவதே இல்லை. கட்டி சிறியதாக இருக்கும்போது, அதாவது கண்டுபிடித்தால் பயன் இருக்கும் நேரத்தில், இன்னும் அதிகம் பேரிடம் அது மௌனமாக இருக்கும். மறுபக்கம், புற்றே இல்லாமலும் ஏறும். மஞ்சள் காமாலை வைரஸ் சீறும்போது ஏறும். விரையில் வரும் சில கட்டிகளில் ஏறும். கர்ப்பிணிகளுக்கு ஏறுவது இயல்பு. கருவின் குறைபாடுகளைத் தேட நான்காம் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலும் இதே ஏ.எஃப்.பி.தான் அளக்கப்படுகிறது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 2020-ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாக ஈரல் புற்று வந்தவர்கள் சுமார் 35,000 பேர். அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் சுமார் 34,000 பேர். வருகிற எண்ணும் போகிற எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் அதிகமில்லை. 140 கோடிப் பேரில் 35,000 என்றால் நாற்பதாயிரத்துக்கு ஒருவர். வயது கூடினால் விகிதமும் கூடும். இருந்தாலும் இது அரிதான நோய்தான். தாம்பரத்தில் நாற்பதாயிரம் பேருக்கு ஏ.எஃப்.பி. பார்க்கிறோம், இருபதில் ஒருவருக்குத்தான் பொய் எச்சரிக்கை வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 2,000 பேர் தூக்கம் கெட்டு, மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பார்கள். நோய் உள்ள அந்த ஒருவர் இந்த 2,000 பேருக்குள் இருப்பார் என்றும் உத்தரவாதம் இல்லை.

இப்போது ஆட்களை மாற்றுவோம். ஈரல் சுருங்கிப்போன, மருத்துவர்கள் சிரோசிஸ் என்று சொல்லும் நிலையில் உள்ள 1,000 பேர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.6 பேர் வீதம் புற்று வந்தது. ஆயிரத்துக்குப் பதினாறு பேர். அதே பரிசோதனை, அதே பொய் எச்சரிக்கை விகிதம்; ஐம்பது அறுபது பேரை மறுபடி அழைத்துப் பார்த்தால் பதினாறில் பாதிப் பேரையாவது பிடித்துவிடலாம். கருவி மாறவில்லை. யாருடைய கையில் ஊசி குத்துகிறோம் என்பது மட்டுமே மாறியது.

இவர்களுக்கும் ரத்தம் மட்டும் போதாது. வயிற்று ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி., இரண்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதே வழக்கம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த கணக்கில், ஸ்கேன் மட்டும் பார்த்தபோது தொடக்க நிலைப் புற்றில் 45 சதவீதமே சிக்கியது; ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தபோது அது 63 சதவீதமானது. ஷாங்காயில் 1990-களில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் உட்பட 18,000-க்கும் அதிகமானோரை வைத்து நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பார்க்க அழைக்கப்பட்ட குழுவில் ஈரல் புற்று மரணம் 37 சதவீதம் குறைந்தது. அழைத்தவர்களில் பலர் ஒழுங்காக வரக்கூட இல்லை. வந்தவர்களை வைத்தே இவ்வளவு பலன்.

புதிய மார்க்கர்கள் வராமல் இல்லை. ஏ.எஃப்.பி. புரதத்தின் மீது ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி புற்றில் சற்று மாறிவிடும். அப்படி மாறிய ரகத்தைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களுக்கு உதவியது, மைசூர் பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். சாம்பாரில் துவரம்பருப்புக்கு மாற்றாகக் கொதிக்கும் அதே பருப்புதான். மாறிய அந்த ரகத்தின் பெயர் ஏ.எஃப்.பி.-எல்3. இன்னொன்று பிவ்கா-2: ரத்தம் உறைவதற்கு ஈரல் செய்யும் புரதத்தின் அரைகுறை வடிவம், ஈரல் புற்றின் அடையாளமாக 1984-இல் அறியப்பட்டது. வைட்டமின் கே குறைந்தாலும், வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டாலும் இது ஏறிவிடும் என்பதால், இதய வால்வு மாற்றிக்கொண்டவரின் ரிப்போர்ட்டைப் பதறாமல் படிக்க வேண்டும். ஜப்பானில் ஏ.எஃப்.பி.யோடு இந்த இரண்டையும் சேர்த்து, காப்பீட்டுச் செலவில் நோயாளிகளைக் கண்காணிக்கிறார்கள். மூன்று அளவுகளோடு வயதையும் பாலினத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் 'காலட்' என்ற முறை பிரிட்டனில் உருவானது. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளில் பல புற்றுநோய்களை ஒரே சமயத்தில் தேடும் பரிசோதனையை 2024 டிசம்பரில் பெங்களூருவின் ஸ்ட்ராண்ட் லைஃப் சயன்சஸ் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவை அனைத்துக்கும் எதிர்காலம் உண்டு. ஆனால் எதைக் கொண்டுவந்தாலும் மேலே போட்ட அதே கணக்குக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, ஈரல் சுருங்கியவர்கள் யார் என்று எப்படித் தெரியும்? அங்கேதான் பீரோவில் கிடக்கும் காகிதம் வேலைக்கு வருகிறது.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். வயது 52. ஈரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 68, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் ஒரு லட்சத்து முப்பதாயிரம். சர்க்கரைக்காகப் பார்த்த பரிசோதனை. எனவே எல்லோருடைய கண்ணும் சர்க்கரை வரியில்தான். எஸ்.ஜி.ஓ.டி. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அதிகம்' என்றும், இரண்டு பக்கம் தள்ளி பிளேட்லெட் பக்கத்தில் 'குறைவு' என்றும் அச்சாகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. ஒரு கால்குலேட்டர் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 3,536. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதினால் 130, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமான ஏழால் பெருக்கினால் 910. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 3.9. இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அந்த வரம்பை 2 என்று வைத்துக்கொள்வார்கள். 2.67-ஐத் தாண்டினால் ஈரலில் தழும்பு முற்றியிருக்கலாம், உடனே ஈரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தழும்பேறிய ஈரலுக்குள் ரத்தம் புக முடியாமல் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஈரல் கணக்குக்குள் பிளேட்லெட் வந்தது. இது புற்றைக் காட்டும் எண் அல்ல. புற்று வரக்கூடிய வீட்டின் கதவு எண்.

இந்த ஊரில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மழை முடிந்து முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் வடிந்ததும் டெங்கு வரும். டெங்கு பிளேட்லெட்டைக் குறைக்கும், எஸ்.ஜி.ஓ.டி.யை ஏற்றும். காய்ச்சலின்போது எடுத்த ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கைப் போட்டால் இருபது வயதுப் பையனுக்கும் ஈரல் கெட்டதாகத் தோன்றும். காய்ச்சல் அடங்கிச் சில வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் பார்ப்பதே சரி.

இந்தக் கணக்கு யாருக்கு என்று கேட்டால், சென்னைக்கு விடை 2009-இலேயே கிடைத்துவிட்டது. மருத்துவர் வி.மோகனின் குழு நகரவாசிகளிடம் நடத்திய ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 32 சதவீதம் பேருக்கு, ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல். "ஃபேட்டி லிவர்தானே, எல்லாருக்கும் இருக்கு" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து வைப்பது இந்த ஊர் வழக்கம். பெரும்பாலோருக்கு அது சரியாகவும் போய்விடும். ஒரு சிறு பங்கினருக்குத்தான் கொழுப்பு தழும்பாகிறது. அந்தச் சிறு பங்கைச் சல்லடை போட்டுப் பிரிக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டு அச்சடிக்க முடியும். கிரியாட்டினின் அளவிலிருந்து சிறுநீரகத்தின் திறனை இப்போதே பல லேப்கள் தானாகக் கணக்கிட்டுத் தருகின்றன. ஃபிப்-4-க்கும் ஒரு வரி ஒதுக்கினால் லேப்காரருக்குச் செலவு ஏதும் இல்லை. 'டியூமர் மார்க்கர்' விற்கும் இடத்தில் இதை இலவசமாக அச்சடித்துக் கொடுத்தால் உயிர் பிழைப்போர் அதிகம்.

இன்னொரு காகிதம் இதைவிட மோசமாக வீணாகிறது. கண்புரையோ குடலிறக்கமோ, எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் 'வைரல் மார்க்கர்' என்று ரத்தம் எடுப்பார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தால் என்ன நடக்கிறது? கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதுவார்கள். பட்டியலில் கடைசி ஆளாக அறுவை நடக்கும், அறுப்பவர் இரட்டைக் கையுறை போட்டுக்கொள்வார். தேவையான எச்சரிக்கைதான். ஆனால் பல இடங்களில் விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது. நோயாளி கண்ணாடி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஈரல் மருத்துவரைப் பாருங்கள், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யுங்கள், இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று உட்காரவைத்துச் சொல்லும் ஆள் அங்கே இல்லை. பரிசோதனை நடந்தது மருத்துவமனையின் பாதுகாப்புக்காக. ரத்தம் மட்டும் நோயாளியுடையது.

ஈரல் புற்றைப் பொறுத்தவரை மிக முக்கியமான ரத்த அடையாளங்களில் ஒன்று அந்தப் பாசிட்டிவ். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஈரல் சுருங்காமலேயே புற்று வரலாம். அதனால்தான் ஆசிய வம்சாவளி ஆண்கள் நாற்பது வயதிலிருந்தும் பெண்கள் ஐம்பதிலிருந்தும் ஆறு மாதக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஈரல் மருத்துவர் சங்கம் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இதே பரிசோதனை நடக்கிறது. பாசிட்டிவ் என்றால் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. குழந்தை தப்பிவிடுகிறது, தாயின் ஈரலைத்தான் பிரசவத்துக்குப் பிறகு மறந்துவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அன்றைய குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2022-இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தொற்றோடு இருந்தவர்கள் 2.98 கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் வாங்கிய பாருக் பிளம்பர்க்குக்கும் தென்சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வு மையத்தில் பணியாற்றிய எஸ்.பி.தியாகராஜன், பிளம்பர்க்கும் பங்கேற்க, கீழாநெல்லிப் பொடியை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துக் காமாலை போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு வந்தது தானாகவே சரியாகிவிடும் ஹெபடைடிஸ் ஏ. தரமணி ஆய்வு தோற்றதாகச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு, வெறும் பொடி, ரத்தத்தில் அளந்த முடிவு என்று எல்லாவற்றையும் திறந்து வைத்ததால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது. இன்று பேக்கேஜ் விற்பவர்களிடம் இந்த நேர்மையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வசதி இல்லாமல் நாம் தோற்கவில்லை. குரோம்பேட்டையில் 2018 முதல் ரேலா மருத்துவமனை இருக்கிறது, பெரும்பாக்கத்தில் இன்னொரு பெரிய ஈரல் மாற்று மருத்துவமனை. அரசுத் தரப்பில் ஸ்டான்லியிலேயே ஈரல் மாற்று நடக்கிறது. ஆனால் 1996-இல் மிலானில் வகுத்த விதிப்படி ஒரு கட்டி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் மாற்று ஈரல் நன்றாகப் பலன் தரும். ஈரலின் உள்ளே வலி நரம்பு இல்லை. கட்டி பெருத்து மேலுறையை இழுக்கும்போதுதான் வலி தெரியும். வலி வந்து போனால் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியிருக்கும். கூப்பிடாமல் யாரும் முன்கூட்டியே வரமாட்டார்கள்.

கூப்பிடுவது எப்படி என்பதைத் தாம்பரமே நாட்டுக்குக் காட்டியது. 1928-இல் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட சானடோரியம், 1990-களில் யாரும் தொடத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கதவைத் திறந்தது. 2004-இல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையம் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். ரத்தத்தில் பாசிட்டிவ் என்று வந்ததும் பதிவு எண், அட்டை, ஆலோசகர். மாதாமாதம் மாத்திரை. குறித்த தேதியில் வராவிட்டால் தொலைபேசி வரும், அதற்கும் அசையாவிட்டால் களப்பணியாளர் தேடிப் போவார். ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வாழ்நாள் முழுவதற்குமான பின்தொடர்தலாக அங்கே மாறியது. சொல்லப்போனால் ஃபிப்-4 கணக்கே 2006-இல் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து உள்ள நோயாளிகளுக்காக உருவானதுதான்.

ஹெபடைடிஸ் பி-க்கும் இதில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டம் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாகத் தருகிறது. மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறது. அந்தப் பதிவேட்டில் உள்ள சர்க்கரை நோயாளிகள்தான் ஃபிப்-4 கணக்குப் போட வேண்டிய முதல் ஆட்கள். தனியார் மருத்துவமனையோ அரசு மருத்துவமனையோ, வைரல் மார்க்கரில் பாசிட்டிவ் வந்த ஒவ்வொருவரையும் அருகிலுள்ள ஹெபடைடிஸ் மையத்துக்கு எழுத்தில் அனுப்பியாக வேண்டும் என்று சுகாதாரத் துறை ஆணையிடலாம். பெயர் வெளியே போகாமல் காப்பதற்கான பழக்கமும் எச்.ஐ.வி. மையங்களிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அன்றே ஏ.எஃப்.பி., முடிந்தவரை ஒரே லேப். முந்தைய அளவோடு ஒப்பிட்டால்தான் ஏறுகிறதா என்று தெரியும். 6 என்பது 11 ஆகி 19 ஆனால், எதுவும் வழக்கமான எச்சரிக்கை வரம்பான 20-ஐத் தாண்டாவிட்டாலும் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஹெபடைடிஸ் பி-யை அடக்கி ஈரல் புற்றின் அபாயத்தைக் குறைக்கும் முதன்மை மாத்திரைகளில் ஒன்று டெனோஃபோவிர். இன்றைய எச்.ஐ.வி. கூட்டு மாத்திரையிலும் அது இருக்கிறது. ஆகவே இரண்டு வைரஸும் உள்ள ஒருவருக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் அது கைக்கு வந்துவிடுகிறது, வராவிட்டால் போனும் வருகிறது. ஹெபடைடிஸ் பி மட்டும் உள்ள அவருடைய அண்டை வீட்டுக்காரர், கண்புரை அறுவைக் கோப்பில் சிவப்பு மையோடு இருக்கிறார். அந்தக் கோப்பிலேயே அவருடைய கைபேசி எண்ணும் இருக்கிறது.